மலைக்காட்டு பவர் ஹவுஸ்ல ஆபரேட்டர் வேலை, சும்மா உக்காந்து மீட்டர் பாக்கறதுதானா?

தம்பி, "நீர்மின் நிலையத்துல ஆபரேட்டர் வேலை கிடைச்சிருக்கு, ஊர விட்டு ரொம்ப தூரம், சும்மா உக்காந்து மீட்டர் பாக்கற வேலைதான்னு மாமா சொல்றாரு, போகலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. நீங்க டிப்ளமோ முடிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும், வீட்ல பொண்ணு பாக்கற பேச்சும் ஓடிட்டு இருக்கும்னு நினைக்கறேன். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீலகிரி பக்கம் ஒரு பவர் ஹவுஸ்ல பதினாலு வருஷம் ஷிப்ட் பாத்தவன் நான். எந்த ஹவுஸ்னு சொல்லல, சொன்னா ஆள் யாருன்னு தெரிஞ்சுரும்.

அந்த "சும்மா உக்காந்து"ங்கற வார்த்தை இருக்கே, அதுக்காகத்தான் இந்த பதிலே எழுதறேன். என் சொந்தக்காரங்க கல்யாண வீட்ல எல்லாம் இதைத்தான் சொல்லுவாங்க. இந்த மலையில 1932லயே பைக்காரால கரண்ட் எடுக்க ஆரம்பிச்சாச்சு, அப்புறம் மோயாறு, குந்தான்னு வரிசையா வந்துச்சு, இத்தனை வருஷமா ராத்திரி பகல்னு யாரோ ஒருத்தர் கண்ணு மூடாம பாத்துட்டுதான் இருக்காங்க.

வேலை என்னன்னா, மேல ஃபோர்பேன்னு தண்ணி தேக்கற தொட்டி, அங்கிருந்து பென்ஸ்டாக்ங்கற பெரிய பைப்பு செங்குத்தா கீழ வரும், கீழ பெல்டன் வீல், அதாவது சுத்தி கிண்ணம் மாதிரி பக்கெட் வெச்ச சக்கரம், தண்ணி அதுல அடிச்சுத்தான் மெஷின் சுத்தும். பைப்பு முனையில நாசில், அதுக்குள்ள ஈட்டி மாதிரி ஒரு நீடில், அதை முன்ன பின்ன நகத்தித்தான் லோடு, அதாவது உற்பத்தி அளவ, ஏத்தறதும் இறக்கறதும். மணிக்கு ஒரு தடவை பேரிங் சூடு, ஆயில் பிரஷர், ஃபோர்பே லெவல் எல்லாம் லாக் ஷீட்ல எழுதணும். ஆனா நெஜமான வேலை காதுலதான் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சுல்ல, அந்த வாரம் எங்க ரோட்ல மண்ணு சரிஞ்சு எங்கள மாத்தி விட வேண்டிய ரிலீவர் வர முடியல, நானும் ஒரு ஹெல்பர் அண்ணனும் சேந்தாப்ல மூணு ஷிப்ட் பாத்தோம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மீட்டர் எல்லாம் சரியாத்தான் காட்டுது, ஆனா மெஷின் சத்தத்துல ஒரு பிசிறு, ஈரத்துணிய கல்லுல அடிக்கற மாதிரி நடுவுல நடுவுல விழுது. அண்ணன் போய் பேரிங்க தாங்கற பெடஸ்டல்ல உள்ளங்கைய வெச்சுப் பாத்துட்டு "அதிருது தம்பி, நிறுத்திரலாம்"னாரு. ஷிப்ட் இன்ஜினியருக்கும் லோடு டெஸ்பாட்ச்சுக்கும் (எந்த ஸ்டேஷன் எவ்வளவு கரண்ட் குடுக்கணும்னு சொல்ற ஆபீஸ்) சொல்லிட்டு நிறுத்திட்டோம். ரோடு சரியாகி ஆளுங்க வந்து திறந்து பாத்தா, வெரல் தண்டி குச்சி ஒண்ணு நாசில் வாய்ல குறுக்க சிக்கி, தண்ணி ரெண்டா பிரிஞ்சு பக்கெட்ல தாறுமாறா அடிச்சிருக்கு. அப்படியே ஓட விட்டிருந்தா பக்கெட்டே விரிசல் விட்டிருக்கும். இதைத்தான் மாமா மீட்டர் பாக்கற வேலைங்கறாரு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 2020 ஏப்ரல் 5, ஞாயித்துக்கிழமை, ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் லைட்ட அணைங்கன்னு பிரதமர் சொன்னாரே, ஞாபகம் இருக்கும். இதை அரசியலாக்கி சண்டைக்கு வராதீங்க, நான் சொல்றது கிரிடு, அதாவது எல்லா பவர் ஹவுஸையும் ஊர்களையும் ஒண்ணா சேக்கற கரண்ட் லைன் வலை, அதோட சமாச்சாரம் மட்டும்தான். கிரிடுல கரண்ட சேத்து வெக்க முடியாது, எரியற அளவுக்கு அந்தந்த நொடி உற்பத்தி ஆகணும், அதிகமானா ஃப்ரீக்வன்சி (கரண்டோட அலை நொடிக்கு எத்தனை தடவைங்கற கணக்கு) ஏறும், பத்தலைன்னா இறங்கும், 49.90லருந்து 50.05 ஹெர்ட்ஸுக்குள்ள நிக்கணும்ங்கறது கணக்கு. 2013 கடைசி நாள் ராய்ச்சூர் சோலாப்பூர் லைன் வந்ததுலருந்து நம்ம தெக்கத்தி கிரிடும் மத்த நாட்டோட ஒண்ணாச்சு, அதனால டெல்லில லைட்ட அணைச்சாலும் எங்க ஃப்ரீக்வன்சி மீட்டர் சொல்லிரும். அனல் மின் நிலையத்தால நிமிஷத்துல இறங்கி நிமிஷத்துல ஏற முடியாது (அங்க வேலை பாக்கறவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க பாய்லர் அப்படி), அதனால பெரிய பாரம் எங்க மாதிரி தண்ணி மெஷின் மேல வந்துருச்சு.

நான் பி ஷிப்ட். லாக்டவுன், குடும்பம் காரமடையில, நான் பத்து நாளா மேல கேம்ப்லயே இருந்தேன். எட்டே முக்காலுக்கு முழு லோடுல இருந்த மெஷின கொஞ்சம் கொஞ்சமா இறக்க ஆரம்பிச்சோம். நீடில படக்குன்னு மூடிரக் கூடாது, பென்ஸ்டாக்ல வர்ற அத்தனை தண்ணியும் திருப்பி அடிக்கும். அதே சமயம் கிரிடை விட்டு கழண்டுறவும் கூடாது, பேருக்கு ரெண்டு மெகாவாட்ல ஒட்டிக்கிட்டு நிக்கணும். உள்ளங்கை வேர்த்துப் போய் பேண்ட்ல தொடச்சுக்கிட்டே இருந்தேன். 9 மணிக்கு கன்ட்ரோல் ரூம்ல யாரும் மூச்சு விடல. நாடு முழுக்க கரண்ட் தேவை 12, 14 ஆயிரம் மெகாவாட் இறங்கும்னு எதிர்பார்த்தாங்க, நெஜத்துல இறங்கினது 31 ஆயிரத்துக்கும் மேல. அதுல நாடு முழுக்க நீர்மின் நிலையங்க மட்டும் 17 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல இறக்கி, லைட்டு திரும்ப வந்ததும் மறுபடி ஏத்துச்சு. ஃப்ரீக்வன்சி அந்தக் கணக்க கொஞ்சம் தாண்டினாலும் 49.70க்கும் 50.26க்கும் நடுவுலயே நின்னுச்சு, எங்கயும் கிரிடு விழல. லோடு டெஸ்பாட்ச்லருந்து போன் வந்து "நல்லா பண்ணீங்கப்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. வெளிய வந்து நின்னு அழுதுட்டேன், சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

கஷ்டமே இல்லன்னு சொல்ல வரல. கேம்ப்ல சிக்னல் கிடையாது. பேங்க்ல கேஒய்சி புதுப்பிக்கலைன்னு என் அக்கவுண்ட்ட முடக்கிட்டாங்க, சம்பளம் வந்து உள்ள கிடக்குது, எடுக்க முடியல. ஓடிபி வரும் போடுங்கறாங்க, எங்க வரும்? ஃபோர்பே மேட்டுக்கு ஏறினாத்தான் ஒரு கோடு டவர் கிடைக்கும், ஏறிப் போய் பாத்தா அதுக்குள்ள டைம் முடிஞ்சுருக்கும். பஸ் ஏறி பிராஞ்சுக்கு நேர்ல போனா அங்கயும் ஆப்ல பண்ணுங்க சார்ங்கறாங்க. அம்மாவுக்கு மாத்திரை வாங்க பக்கத்து குவார்ட்டர்ஸ்ல கடன் வாங்கினேன். போன் கையில இல்லாதவன் மனுஷனே இல்லையா? இது உங்க கேள்விக்கு சம்பந்தமில்ல, தெரியும், ஆனா மலையில இருக்கறவங்க எல்லாருக்கும் இருக்கற வயித்தெரிச்சல் இது, எங்கயாவது சொல்லணும்.

"இப்பல்லாம் ஸ்காடா வந்துருச்சு, எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்"னு யாராவது சொல்லுவாங்க (ஸ்காடான்னா மெஷின தூரத்துலருந்தே ஸ்கிரீன்ல பாத்து இயக்கற ஏற்பாடு). வந்துருச்சு, நல்லதுதான். அந்தக் குச்சிய எந்த ஸ்கிரீனும் காட்டல.

போறதுன்னா ஜூலை ஆகஸ்ட்ல ஒருக்கா போய் குவார்ட்டர்ஸ பாருங்க, கூரை ஒழுகுதான்னு அப்பதான் தெரியும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ராத்திரில ஜீப்பு கிடைக்குமான்னு கேளுங்க. கட்டிக்கப் போற பொண்ண கூட்டிட்டுப் போய் காட்டிட்டு அப்புறம் நிச்சயம் பண்ணுங்க, என் வீட்டுக்காரி மொத ரெண்டு வருஷம் பட்டது எனக்குத்தான் தெரியும். ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்கோங்க, மழைக்காலத்துல ஒண்ணு நனைஞ்சா நாலு நாள் ஆனாலும் காயாது.