பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நரம்பைத் தூண்டும் கருவி வைத்தால் அப்பாவின் கை திரும்புமா?

கேள்வியில் நீங்கள் சொன்ன விவரம் இது. அப்பாவுக்கு ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நடை ஓரளவு வந்துவிட்டது, வலது கை வரவில்லை. விரலை மடக்குகிறார், விரிக்க முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் தினமும் "கரண்ட்" வைக்கிறார்கள். இதற்கிடையில் அமெரிக்காவில் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்துக் கழுத்து நரம்பைத் தூண்டிக் கையை வர வைக்கிறார்கள் என்று வீடியோ பார்த்திருக்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பக்கவாதக்காரர்கள்தான். வீடியோவில் வந்த கருவி உண்மையானது. கை பழையபடி ஆகிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் சிலருக்குக் கூடுதலாகத் தேறுகிறது. கிளினிக்கில் வைக்கும் கரண்டும் அந்தக் கருவியும் ஒன்றல்ல, இரண்டும் செய்கிற வேலையே வேறு.

அந்தக் கருவியின் பெயர் விவிஸ்டிம். டெக்சாஸில் உள்ள மைக்ரோடிரான்ஸ்பாண்டர் என்ற நிறுவனம் செய்தது. 2021 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ., அதாவது மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு, அனுமதி கொடுத்தது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைப்பது போல இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி மேலே போய், கழுத்தின் இடது பக்கம் உள்ள வேகஸ் நரம்பைச் சுற்றிக்கொள்ளும். இந்த நரம்பைத் தூண்டுவது புதிதல்ல, வலிப்பு நோய்க்கு அமெரிக்காவில் 1997-லேயே அனுமதி வாங்கிவிட்டார்கள்.

சரி, கழுத்து நரம்புக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றுமில்லை. வேகஸ் நரம்பு கைத் தசைக்குப் போவதே இல்லை. அதைத் தூண்டினால் சமிக்ஞை மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து மூளை முழுக்க நார்அட்ரினலின், அசிட்டைல்கோலின் போன்ற ரசாயனங்கள் கொஞ்ச நேரம் சுரக்கின்றன. அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளை எந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறதோ, அந்த வேலைக்கான இணைப்புகள் பலப்படுகின்றன. டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கில்கார்டும் அவருடைய குழுவும் பல வருடம் எலிகளில் இதைச் சோதித்தார்கள். எலி முன்னங்காலை அசைக்கும் அந்த நேரத்திலேயே தூண்டினால் நன்றாகத் தேறியது. பயிற்சி முடிந்த பிறகு தனியாகத் தூண்டியபோது அந்த அளவு பலன் இல்லை.

மனிதர்களுக்கும் அப்படியேதான் செய்கிறார்கள். நோயாளி கையை நீட்டி ஒரு பொருளைப் பிடிக்கப் போகிறார் என்றால், அவர் முயலும் அந்த நொடியில் தெரபிஸ்ட் ஒரு பட்டனை அழுத்துகிறார். அரை நொடி, 0.8 மில்லிஆம்பியர். அவ்வளவுதான். அடுத்த முயற்சி, அடுத்த பட்டன். டப்பா திறப்பது, பொருளைப் புரட்டிப் போடுவது, சாப்பிடுவது போல் செய்து பார்ப்பது என்று ஒரு அமர்விலேயே 300-க்கு மேல் அசைவுகள். வாரம் 3 அமர்வு, 6 வாரம். அப்புறம் வீட்டில் அவரே ஒரு காந்தத்தை நெஞ்சுக்கு மேல் காட்டினால், கருவி அரை மணி நேரம் விட்டு விட்டுத் துடிக்கும். அந்த அரை மணி நேரமும் அவர் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டும்.

இனி பலன். 2021-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 108 பேர், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும். பக்கவாதம் வந்து 9 மாதம் முதல் 10 வருடம் வரை ஆனவர்கள். எல்லோருக்குமே அறுவை செய்து கருவியை வைத்தார்கள், பாதிப் பேருக்கு மட்டுமே உண்மையான தூண்டல். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. கையின் செயல்பாட்டை 66-க்கு அளக்கும் ஃபியூகல்-மேயர் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. 6 வாரப் பயிற்சி முடிந்தபோது தூண்டல் பெற்றவர்களுக்கு சராசரியாக 5 மதிப்பெண் கூடியது, மற்றவர்களுக்கு 2.4. அன்றாட வாழ்க்கையில் தெரியும் அளவுக்கு, அதாவது 6 அல்லது அதற்கு மேல், கூடியவர்கள் 90 நாள் கழித்துப் பார்த்தபோது 47 சதவீதம். தூண்டல் இல்லாதவர்களில் 24 சதவீதம்.

வீடியோக்காரர்கள் அந்த 47-ஐத்தான் காட்டுவார்கள். எனக்கு அந்த 24 முக்கியமாகப் படுகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆன கை, வெறும் கடும் பயிற்சியிலேயே நாலில் ஒருவருக்குக் கண்கூடாகத் தேறியிருக்கிறது. "ஆறு மாசத்துக்கு அப்புறம் வர்றதுதான் வரும்" என்று நம் ஊரில் சொல்லி அனுப்பிவிடுகிறார்களே, அதை நம்பி எத்தனை பேர் பயிற்சியை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் 108 பேர் என்பது சின்ன ஆய்வுதான். இதற்கு முன்பு மூளையின் மேலுறையில் மின்முனை வைத்து, அதோடு பயிற்சி கொடுக்கும் முறை ஆரம்ப ஆய்வுகளில் பிரமாதமாகத் தெரிந்தது. எவரெஸ்ட் என்று பெயர் வைத்துப் பெரிதாகச் செய்து பார்த்தபோது, 2008-ல் முடிவு வந்தது, எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை. அதனால் கொஞ்சம் நிதானம் தேவை.

யாருக்குப் பொருந்தும் என்பதும் இருக்கிறது. ஆய்வில் இருந்தவர்கள் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள் மட்டும். மூளையில் ரத்தக்கசிவு ஆனவர்களைச் சேர்க்கவில்லை. கையில் கொஞ்சமாவது அசைவு இருக்க வேண்டும், முழுக்கத் துவண்ட கைக்கு இல்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை என்பதால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு மருத்துவர் யோசித்துத்தான் முடிவெடுப்பார். குரல் கம்முவது, இருமல் போன்ற தொந்தரவுகள் வரலாம், ஏனென்றால் குரல்நாணுக்குப் போகும் நரம்பும் வேகஸின் கிளைதான்.

இப்போது உங்கள் கிளினிக் கரண்டுக்கு வருகிறேன். அது மூளையைத் தொடுவதில்லை, தோல் மேல் பேட் ஒட்டித் தசைக்குப் போகும் நரம்பைத் தூண்டித் தசையைச் சுருங்க வைக்கிறது. இதுவும் நல்ல முறைதான், எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். 1961-லேயே லைபர்சன் என்ற அமெரிக்க மருத்துவர், பாதம் தொங்கும் நோயாளிகளுக்குச் செருப்புக்குள் ஒரு சுவிட்ச் வைத்தார். குதிகால் தரையை விட்டு எழும்பும்போது மட்டும் கரண்ட் வந்து பாதத்தைத் தூக்கிவிடும். நோயாளி நடக்க நடக்க, அடிக்கு அடி. அன்றைக்கே நேரம் பார்த்துத்தான் வைத்தார்கள்.

இங்கே நான் பார்ப்பது என்ன? பேட் ஒட்டி மெஷினைப் போட்டுவிட்டு பிசியோ அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். நோயாளி செல்போனில் சீரியல் பார்க்கிறார். கை தன்பாட்டுக்குத் துடிக்கிறது. இருபது நிமிடம், மணி அடித்ததும் கழற்றிவிடுகிறார்கள். மூளை அதில் எங்கேயும் பங்கெடுக்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு விரல் விரியவில்லை என்றால் பேட் முன்கையின் பின்புறம் வர வேண்டும், விரலை நீட்டும் தசைகள் அங்கேதான். கரண்ட் ஏறும் நேரத்தில் அவரும் கையைப் பார்த்துக்கொண்டே விரிக்க முயல வேண்டும். விரல் விரிந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிடிக்கட்டும். அடுத்த முறை கரண்ட் வரும்போது விடட்டும். நோயாளி முயல்வதைத் தசையிலிருந்து உணர்ந்து, அதன் பிறகே கரண்ட் கொடுக்கும் மெஷின்களும் இருக்கின்றன, கிளினிக்கில் இருந்தால் அதைக் கேளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் சும்மா கிடந்தாலும் உதவும்: ஆரம்ப வாரங்களில் தோள் மூட்டு இறங்கிப்போவதைக் குறைக்க வைக்கும் கரண்ட். அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பேஸ்மேக்கர் இருந்தால் எந்தக் கரண்டும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், தொடு உணர்ச்சி இல்லாத தோலில் சூடு பட்டாலும் தெரியாது. வீட்டில் நீங்களாகவே கழுத்தின் முன்பக்கம் பேட் ஒட்டி "வேகஸ்" பார்க்க வேண்டாம், இதயத் துடிப்பில் சிக்கல் வரலாம். காதில் மாட்டும் கிளிப்புகள் ஆன்லைனில் விற்கிறார்கள். காது மடலில் வேகஸின் ஒரு கிளை இருப்பது உண்மைதான், ஆனால் அறுவைக் கருவிக்குக் கிடைத்த ஆய்வு முடிவை அந்த கிளிப்புக்கும் ஒட்டவைத்து விற்பது சரியில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், அறுவைக் கருவியைப் பற்றி நியூராலஜிஸ்ட்டிடம் கேட்டு வைத்துக்கொண்டு, இந்த மாதமே பயிற்சியின் எண்ணிக்கையைக் கூட்டுவேன். பிசியோவிடம் "இன்றைக்கு எத்தனை முறை பிடித்து விட்டார்?" என்று கேளுங்கள். பத்து, பதினைந்து என்று பதில் வந்தால் போதாது.

அப்பா முழங்கையைத் தானாக நீட்டுகிறாரா, மணிக்கட்டைக் கொஞ்சமாவது மேலே தூக்குகிறாரா, கை இறுக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதை கமெண்ட்டில் எழுதுங்கள். இறுக்கம் அதிகமாக இருந்தால் முதலில் அதைத் தளர்த்தப் பார்க்க வேண்டியிருக்கும், டம்ளர் பயிற்சியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.