பட்டா தாத்தா பெயரில், வழக்கு அரசியலமைப்பின் பெயரில்

பாபநாசம் வட்டத்து வாசகர் ஒருவரின் கடிதச் சுருக்கம்: தாத்தா விலைக்கு வாங்கிய ஆறு மா நஞ்சை தேசிய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்படுகிறது. ஆட்சேப விசாரணையில் அதிகாரி ஏறிட்டும் பார்க்கவில்லை. சென்ற மாதம், தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பும் வந்துவிட்டது. சொத்துரிமை அடிப்படை உரிமை என்பதால் நேரே உச்ச நீதிமன்றம் செல்லலாமா? பட்டா, 1994-இல் உயிலின்றிக் காலமான தாத்தாவின் பெயரிலேயே உள்ளது. சாகுபடி அப்பாவுடையது, சித்தப்பா, அத்தையோடு பேச்சுவார்த்தை இல்லை.

அதிகாரியின் நடத்தை மனத்தைப் புண்படுத்தியிருக்கலாம். வழக்குக்கு அது உதவாது. அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தத்தால் 1979 ஜூன் 20 முதல் சொத்துரிமை அடிப்படை உரிமை அல்ல. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்ற 300ஏ பிரிவின் பாதுகாப்பே எஞ்சியிருக்கிறது. ஆகவே அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் செல்ல வழிதரும் 32-ஆவது பிரிவின் கதவு உங்களுக்குத் திறக்காது. 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லலாம். அங்கே எழும் கேள்வி, சட்டம் வகுத்த வழியில் எடுத்தார்களா என்பதுதான். நிலம் எடுக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் 3ஏ அறிவிப்பு வெளியாகி, தடையாணை நாள்களைக் கழித்து, ஓராண்டுக்குள் 3டி வெளியாகவில்லையென்றால் சொல்லுங்கள், பார்க்கலாம். இல்லையேல் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிட்டது. இனிப் பேச்சு இழப்பீட்டைப் பற்றியதே. அதில் அரசியலமைப்பு உங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது: நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தோருக்கு மட்டும் ஆறுதல் தொகையை (கட்டாயமாக நிலம் எடுப்பதற்காக இழப்பீட்டோடு கூடுதலாகத் தரப்படுவது) மறுத்த விதி, சமத்துவத்துக்கு முரணானது என்று 2019-இல் உச்ச நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது உங்கள் பட்டா. பாட்டியும் காலமாகிவிட்டார் என்று கொண்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. அப்பா முப்பது ஆண்டு உழுதார் என்பதால் மட்டும் அத்தையின் இரண்டு மா அவருடையதாகிவிடாது. இழப்பீட்டைப் பங்கிடுவதில் தகராறு என்று ஒருவர் மனுக் கொடுத்தாலே போதும், விவகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிடும். சாலையில் பேருந்து ஓடத் தொடங்கிய பின்னும், வைப்பிலிருக்கும் பணத்துக்காக என்னிடம் வாய்தாவுக்கு வந்துகொண்டிருக்கும் அண்ணன் தம்பிகள் உண்டு. அவர்கள் சண்டையில், இழப்பீட்டுத் தகராறைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பு வந்தபின் அதை எதிர்த்துத் தொகையை உயர்த்தக் கேட்க மறந்தார்கள்; அதை எதிர்க்கும் மூன்று மாதமும், காரணம் காட்டினால் கிடைக்கும் 30 நாளும் கடந்துபோயின, அதற்கு மேல் எந்த நீதிமன்றமும் ஒருநாள் கூடத் தராது. அத்தையை மறைத்து வாரிசுச் சான்றிதழ் வாங்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அது குற்ற வழக்கில் முடியும்.

சமாதானமாகப் போங்கள். மூவரும் பங்கை எழுத்தில் ஒப்புக்கொண்டு, ஒரே வழக்கறிஞர் மூலம் இழப்பீட்டை நிர்ணயிக்கும் தகுதி வாய்ந்த அலுவலரிடம் கோரிக்கை வையுங்கள். தொகை குறைவென்றால் நடுவரிடம் மூவருமாகவே செல்லுங்கள். பணத்தை ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.