முதலில் எலும்பு, பிறகு தசை, கடைசியில் இமை

தைராய்டு கண் நோய் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கும்பகோணத்தில் தையல் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் கிரேவ்ஸ் நோயால் கண் பாதிக்கப்பட்டு, மூன்று வகை அறுவை சிகிச்சைகளையும் கடந்து மறுபடி ஊசியில் நூல் கோத்தவர் அவர்.

எனக்கு 34 வயது. ஒரு வருடமாக கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் கண் பிதுங்கியபடியே இருக்கிறது, காலையில் இமை வீங்குகிறது, சிவந்து உறுத்துகிறது. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் ஆபரேஷன் செய்துகொள்ள முடியாதா அக்கா?
— வாசகி, தஞ்சாவூர்

முடியாது என்றுதான் உங்கள் டாக்டரும் சொல்வார் தங்கச்சி. ஏன் என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் ஆறும்.

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி தவறாக உண்டாக்கும் ஆன்டிபாடிதான் இதற்கெல்லாம் மூலம். கழுத்தில் இருக்கும் சுரப்பியைத் தூண்டிவிடுவது அதுதான். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பையும் விழியை அசைக்கும் தசைகளையும் வீங்க வைப்பதும் அதுதான். கண்குழியைச் சுற்றி எலும்பு. வீங்கினால் போக இடமில்லை. அதனால் விழி முன்னால் தள்ளப்படுகிறது. மாத்திரை சுரப்பியை அடக்கும். கண்ணில் கிளம்பிய அழற்சி தன் போக்கில்தான் அடங்கும். அதற்காக மாத்திரையை அலட்சியம் செய்துவிடாதீர்கள். தைராய்டு அளவு ஏறினாலும் சரி, மிகவும் இறங்கினாலும் சரி, கண் இன்னும் மோசமாகும்.

ரண்டில் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1945இல் இந்த நோயின் போக்கை ஒரு கோடாக வரைந்து காட்டினார். சில மாதங்கள் ஏறும், உச்சியில் கொஞ்ச காலம் நிற்கும், பிறகு மெதுவாக இறங்கி ஓர் இடத்தில் நிலைத்துவிடும். பெரும்பாலோருக்கு இது ஒன்றரை முதல் மூன்று வருடம் வரை ஆகிறது. நிலைத்த பிறகும் கண் முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. மிச்சம் நிற்பதைச் சரிசெய்யத்தான் அறுவை சிகிச்சை. வளர்கிற பிள்ளைக்கு இன்று அளவெடுத்து அடுத்த தீபாவளிக்குச் சட்டை தைக்க முடியுமா? ஏறிக்கொண்டிருக்கும் கண்ணில் கத்தி வைப்பதும் அப்படித்தான்.

அறுவைகளுக்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் கண்குழி எலும்பைக் குறைத்து விழியை உள்ளே தள்ளுவது. அடுத்தது மாறுகண்ணையும் இரட்டைப் பார்வையையும் சரிசெய்ய தசை அறுவை. கடைசியில் இமை. எலும்பு எடுத்தால் விழியின் கோணம் மாறலாம். தசையை நகர்த்தினால் இமையின் உயரம் மாறலாம். வரிசை தப்பினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டி வரும். எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படாது. பலருக்கு எதுவுமே தேவைப்படாமல் போகிறது.

இப்போது செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத கண்ணீர் சொட்டு மருந்தை அடிக்கடி விடுங்கள். இரவில் களிம்பு போடுங்கள். இமை முழுசாக மூடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிக் கேட்டு, மெல்லிய டேப் ஒட்டித் தூங்குங்கள். தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் காலை வீக்கம் குறையும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படக் கூடாது. நம் ஊர் வெயிலில் இது கஷ்டம்தான், நான் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். தாளிக்கும்போதும் வண்டியில் போகும்போதும் கண்ணாடி வேண்டும். லேசான நோயின் ஆரம்பத்தில் செலினியம் என்ற தாதுச் சத்தை ஆறு மாதம் கொடுப்பதுண்டு. ஐரோப்பிய மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் தினம் இருவேளை 100 மைக்ரோகிராம் கொடுத்துப் பலன் கண்டார்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். அழற்சி அதிகமாக இருந்தால் வாரம் ஒரு முறை நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றுவார்கள், சாதாரணமாகப் பன்னிரண்டு வாரம். எனக்கும் ஏற்றினார்கள். அன்றிரவு தூக்கம் வராது, சர்க்கரை ஏறும். கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இன்னொன்று. சுரப்பியைக் கதிர்வீச்சால் அடக்கும் ரேடியோ அயோடின் மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், கண் நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள். அது கண்ணை மோசமாக்கக் கூடும்.

கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். வீடியோக்காரரிடம் விளக்கை முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் மாமியாருக்கு 61 வயது, தைராய்டு உண்டு. கண் பெரிதாகப் பிதுங்கவில்லை. இரண்டு வாரமாகச் சிவப்புச் சேலை மங்கலாகத் தெரிகிறது என்கிறார், ஒரு கண்ணில் பார்வையும் குறைகிறது. புரையாக இருக்குமோ?
— வாசகி, திண்டுக்கல்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஆசிரியர் குழுவிடம் சொல்லி உங்களைத் தொலைபேசியில் அழைக்கச் செய்தேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். காத்திருங்கள் என்று மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது. வீங்கிய தசைகள் கண்குழியின் பின்கோடியில் பார்வை நரம்பை நெரித்தால் முதலில் போவது நிறம்தான், அதிலும் சிவப்பு. கண் பிதுங்காதவர்களுக்கும் இது வரும்; விழி முன்னால் வர வழியில்லாதபோது அழுத்தம் முழுவதும் உள்ளேயே நிற்கிறது. அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்பு வழியாக அதிக அளவு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதற்கு இணங்காவிட்டால் எலும்பைக் குறைக்கும் அறுவையை உடனே செய்வார்கள். நோய் அடங்கும் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் கண்குழி எலும்பு அறுவை. நான்தான் உடன் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்கும்?
— வாசகி, கோயம்புத்தூர்

மூக்குப் பக்கச் சுவர், கீழ்த்தளம், வெளிச்சுவர் என்று தேவைக்கேற்ப எலும்பை எடுப்பார்கள். கூடவே கொழுப்பும் கொஞ்சம் எடுப்பதுண்டு. அதனால் கிடைக்கும் இடத்தில் விழி சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கும். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள்.

முதல் இரவு செவிலியர் திரும்பத் திரும்ப வந்து எழுப்பி, டார்ச் அடித்து, விரல் காட்டி எத்தனை என்று கேட்பார். அம்மா சலித்துக்கொண்டால் நீங்கள் சமாதானப்படுத்துங்கள். உள்ளே ரத்தம் கட்டினால் பார்வை போகும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வி. வீட்டுக்கு வந்த பிறகும் பார்வை திடீரென்று மங்கினாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ, மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மற்றபடி முகம் கத்திரிப்பூ நிறத்தில் வீங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் இன்னும் அதிகமாகும், பயப்பட வேண்டாம். டாக்டர் சொன்ன நாள் வரை சுத்தமான துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். தலையணை இரண்டு வைத்துப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தவே கூடாது. குறைந்தது இரண்டு மூன்று வாரத்துக்கு அந்த நினைப்பே வரக் கூடாது. எலும்பு எடுத்த வழியாக மூக்கின் காற்று கண்குழிக்குள் புகுந்துவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது எல்லாம் உங்கள் வேலை.

கன்னமும் மேலுதடும் மேல் பல்வரிசையும் மரத்துப் போகும். இதைத்தான் எனக்கு யாரும் போதுமான அளவு சொல்லவில்லை. பல் விளக்கும்போது வேறு யாருடைய வாயிலோ பிரஷ் வைத்த மாதிரி இருந்தது. சூடான காபி உதட்டில் பட்டால்கூடத் தெரியாது, அதனால் ஆற்றிக் கொடுங்கள். மாதக்கணக்கில் மெல்ல உணர்ச்சி திரும்பும். திரும்பும்போது எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். எனக்கு மூக்கோரம் ஒரு சின்ன இடம் இன்னும் மரத்தே இருக்கிறது.

இதற்கு முன் இல்லாத இரட்டைப் பார்வை இந்த அறுவைக்குப் பிறகு வரலாம், இருந்தது கூடவும் செய்யலாம். சிலருக்குத் தானாக விலகும், சிலருக்குத் தசை அறுவை வேண்டியிருக்கும். இதை அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் போய்ப் படுத்தவர்கள்தான் கட்டுப் பிரித்த அன்று இடிந்து போகிறார்கள்.

சரக்கு வேன் ஓட்டுகிறேன். தைராய்டு கண் நோய் என்கிறார்கள். சாலை இரண்டாகத் தெரிகிறது. தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகர், சேலம்

உண்டு தம்பி. இந்த நோயைக் கிளப்புவதிலும் முற்ற வைப்பதிலும் நம் கையில் இருக்கும் காரணங்களில் புகைதான் முதலிடம். மருந்து வேலை செய்வதையும் அது குறைக்கும். பெண்களுக்கு இந்த நோய் அதிகம் வந்தாலும் ஆண்களுக்கு வந்தால் கடுமையாக வருகிறது. இன்றோடு விடுங்கள். சாலை இரண்டாகத் தெரிவது நிற்கும் வரை வேனை எடுக்காதீர்கள். பிழைப்பு என்ன ஆவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். முதலாளியிடம் டாக்டர் சீட்டைக் காட்டி, ஏற்றி இறக்கும் கணக்கோ குடோன் வேலையோ கேளுங்கள்.

கண் தசை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நினைவோடு இருக்கும்போதே தையலை இழுத்துச் சரிசெய்வார்களாமே? பயமாக இருக்கிறது.
— வாசகி, மதுரை

எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். மரக்கும் மருந்து விட்டுத்தான் செய்கிறார்கள். இழுக்கும்போது கண்ணுக்குள் ஓர் அழுத்தம், வயிற்றைப் புரட்டுவது போல ஓர் உணர்வு, அவ்வளவுதான். சுவரில் ஒரு புள்ளியைக் காட்டி ஒன்றா இரண்டா என்று கேட்டார்கள். நான் ஒன்று என்றபோது முடிச்சுப் போட்டார்கள்.

இந்த நோயில் விழிக்குக் கீழே இருக்கும் தசைதான் பெரும்பாலும் முதலில் இறுகும். இறுகினால் கண் மேலே ஏறாது. எனக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேருந்து தெரியும். ஒன்றாகப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாகத் தெருவில் பேசினார்கள். அறுவைக்குத் தேதி கொடுப்பதற்கு முன் மாதக்கணக்கில் அளந்தார்கள், அளவு மாறாமல் நிற்க வேண்டுமே. அந்தக் காலமெல்லாம் இரட்டைப் பார்வையை ஒன்றாக்க மூக்குக் கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் தாள்தான் துணை.

ஒரு விஷயம் கட்டாயம் செய்யுங்கள்: உங்கள் வேலை என்ன, எந்தத் திசையில் பார்த்து வேலை செய்கிறீர்கள் என்று டாக்டரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். கீழ்த்தசையைப் பின்னுக்கு நகர்த்தினால் கீழ்நோக்கிய பார்வை பாதிக்கப்படலாம். நான் குனிந்து தைப்பவள் என்று சொன்னேன், ஊசியும் துணியும் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாத் திசையிலும் ஒற்றைப் பார்வை தருவதாக எந்த நல்ல டாக்டரும் வாக்குக் கொடுக்க மாட்டார். நேராகவும் கீழாகவும் ஒன்றாகத் தெரிந்தால் வாழ்க்கை ஓடும். இன்றும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் எனக்கு இரண்டு கோபுரம்.

இரண்டு அறுவையும் முடிந்துவிட்டது. கண்ணின் வெள்ளை மேலே தெரிவதால் எப்போதும் முறைப்பது போல இருக்கிறது. இமை அறுவைக்குக் கேட்டால் 'அழகுக்காகத்தானே' என்கிறார் கணவர். இன்சூரன்ஸிலும் அதையே சொல்கிறார்கள்.
— வாசகி, திருநெல்வேலி

அழகுக்காக என்றே வைத்துக்கொண்டாலும் அதில் என்ன தவறு? நோய் எடுத்துப் போன முகத்தைத் திரும்பக் கேட்கிறீர்கள். அமெரிக்க ஓட்ட வீராங்கனை கெயில் டெவர்ஸ் கிரேவ்ஸ் நோயில் நடக்க முடியாமல் கிடந்து, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றவர். அவரும் இந்தக் கண் நோயால் அவதிப்பட்டதை வெளிப்படையாகப் பேசுகிறார்.

ஆனால் இது அழகோடு நிற்கவில்லை. மூடாத இமைக்குக் கீழே கருவிழி காய்ந்து புண்ணாகும். இன்சூரன்ஸுக்கு அந்தக் காரணத்தைத்தான் எழுத வேண்டும்: இமை மூடும்போது எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, கருவிழியில் காய்ந்த இடம் இருக்கிறதா, தினம் எத்தனை முறை சொட்டு மருந்து. டாக்டரிடம் இவற்றை அளந்து கடிதமாகக் கேளுங்கள், தூங்கும்போது எடுத்த படத்தையும் இணையுங்கள். கணவரையும் ஒரு முறை டாக்டர் அறைக்குள் கூட்டிப் போங்கள்.

மேலிமையைப் பெரும்பாலும் மரக்க வைத்துத்தான் இறக்குகிறார்கள். நடுவே எழுந்து உட்காரச் சொல்லி உயரம் பார்ப்பார்கள். கீழிமையை உயர்த்த வேண்டுமானால் மேலண்ணத்திலிருந்தோ காதிலிருந்தோ சிறு துண்டு எடுத்து வைப்பதுண்டு. அண்ணத்திலிருந்து எடுத்தால் கொஞ்ச நாளைக்குத் தயிர்சாதமும் ஆறிய கஞ்சியும்தான். நோய் வருவதற்கு முந்தைய புகைப்படங்களை எடுத்துப் போங்கள். இமை எந்த உயரத்தில் இருந்தது என்று பார்க்க டாக்டருக்கு அவை வேண்டும். ஸ்டூடியோவில் எடுத்ததைவிட வீட்டில் சாதாரணமாக எடுத்ததே நல்லது.