மீன் சந்தையில் எடுத்த பூனைக்குட்டிக்கு மூன்று நாளாக வயிற்றோட்டம், பாலை நிறுத்தலாமா?

நிறுத்துங்கள், இன்றே. பெரும்பாலும் நீங்கள் கரைத்துக் கொடுக்கும் பால்மாதான் காரணம்; தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காது. பூனை என்றால் பால் என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்களோ!

தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். திருகோணமலையில் மீனுக்கா பஞ்சம்? ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். சில மீன்களிலுள்ள நொதி உயிர்ச்சத்து பி1-ஐ அழித்துவிடும். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் அவித்து, முள் நீக்கிச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அதுவும் சில நாள்தான். பிறகு குட்டிகளுக்கென்று விற்கும் உணவு வேண்டும்.

தோளுக்கு மேல் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். உடனே படியாவிட்டால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. அப்படியானாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அரிசி மணி போல ஏதேனும் தெரிந்தால் நாடாப்புழுவாக இருக்கலாம்.

பரசிற்றமோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.