லேண்ட்லைனை எடுத்துவிடலாமா?

தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் கம்பம் ஏறி இறங்கியே காலம் போனது (ஊரைச் சொல்லவில்லை, கம்பி கட்டிய கம்பத்தைச் சொல்கிறேன்). வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மா குமுளியில் தனியாக இருக்கிறார். செல்போன் இருக்கும்போது லேண்ட்லைனுக்கும் பணம் கட்ட வேண்டுமா அண்ணா?

முதலில் வீட்டுக்குள் வரும் கம்பியைப் பாருங்கள் தம்பி. இரண்டு செம்புக் கம்பிகள் நேராகப் போனுக்கு வந்தால் அது பழைய லைன். அதற்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் இருந்தே வருகிறது. வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். மணி அடிக்கும்போது அதே கம்பியில் 75 வோல்ட் அளவுக்குப் பாயும். நனைந்த கையோடு ஜாயின்ட் போடும் நேரம் பார்த்து அந்த வீட்டுக்கு யாராவது கூப்பிட்டால் போதும், தோள்வரை சுண்டும். எத்தனை பேரை அப்படித் திட்டியிருக்கிறேன்!

கம்பி ஒரு விளக்கு மின்னும் பெட்டிக்குள் போய், அங்கிருந்து போனுக்கு வந்தால் அது ஃபைபர். கண்ணாடி இழை ஒளியைத்தான் கொண்டுவரும், மின்சாரத்தை அல்ல. கரண்ட் போனால் பெட்டி அணையும், போனும் ஊமையாகும். லேண்ட்லைன் என்றாலே கரண்ட் வேண்டாம் என்ற நம்பிக்கை செம்போடு போய்விட்டது. பெட்டிக்கென்று சிறிய யுபிஎஸ் விற்கிறார்கள். அது இல்லாத ஃபைபர் போனை அவசரத்துக்கு நான் நம்பமாட்டேன். யுபிஎஸ் வைக்க முடியும் என்றால் லேண்ட்லைன் இருக்கட்டும். சார்ஜ் போட மறக்கிறவர்களுக்கு இருந்த இடத்தில் இருக்கும் போன்தான் வசதி.

எஸ்டேட் வீட்டுக்குள் சிக்னலே இல்லை. ஜன்னலில் எவர்சில்வர் டம்ளருக்குள் செல்லை வைத்துத்தான் மணி அடிக்கிறதா என்று பார்க்கிறோம்.

டம்ளரை அடுப்படிக்கே அனுப்பிவிடுங்கள். ஃபைபர் இணைப்பு எடுத்து, செல்லின் அமைப்புகளில் வைஃபை காலிங்கை இயக்குங்கள். டவர் எட்டாவிட்டாலும் அதே நம்பரில் பேசலாம். உங்கள் செல்லிலும் சிம்மிலும் அந்த வசதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா லேண்ட்லைனில் இருந்து என் செல்லுக்குப் போட்டால் போகவே மாட்டேன் என்கிறது ஐயா.

முன்னால் பூஜ்யம் போடச் சொல்லுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் இருந்து எந்த செல்லுக்குப் பேசினாலும் 0 வேண்டும்.

கம்பத்தில் வாங்கிய சிம். திருமணமாகி வண்டிப்பெரியாறு வந்துவிட்டேன். நம்பரை மாற்றாமல் கேரள இணைப்பாக்க முடியுமா?

முடியும் தங்கச்சி. 2015 ஜூலை முதல் மாநிலம் தாண்டியும் நம்பரைக் கொண்டுபோகலாம். PORT என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் நம்பரைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதையும் கேரள முகவரிச் சான்றையும் கடையில் கொடுங்கள். லேண்ட்லைனுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை: கம்பத்து எஸ்டிடி கோடு 04554 மலை ஏறாது, இங்கே 04869-தான்.

இடி இடிக்கும்போது எதில் பேசலாம்?

செம்பு லைனில் கூடாது. ஐப்பசி மழையில் மின்னல் கம்பி வழியே வந்து கருகிப்போன போன்களை நானே கழற்றியிருக்கிறேன். செல்லில் பேசலாம், சார்ஜரில் இருந்து எடுத்துவிட்டு.

தாத்தாவின் சுழற்று டயல் போனை ஃபைபர் பெட்டியில் மாட்டலாமா?

பல பெட்டிகளுக்கு அந்தப் பழைய டயல் புரியாது. நீங்கள் யாரையும் கூப்பிட முடியாமல் போகலாம். வருகிற அழைப்புக்கு மணி அடித்தால், எடுத்துப் பேசலாம். எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் இருக்கிறது.