ஜப்பானியப் பந்துவீச்சாளர்களின் ஃபோர்க் பால் அமெரிக்காவில் ஏன் இவ்வளவு எடுபடுகிறது?

பேஸ்பாலில் பந்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஆழமாக இடுக்கி வீசுவதுதான் ஃபோர்க் பால். விரல்கள் முள்கரண்டி போல விரிந்திருப்பதால் அந்தப் பெயர்.

சரி, அதில் என்ன விசேஷம்? சாதாரண வேகப்பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி போகும். அந்தச் சுழற்சி பந்தைக் காற்றில் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஃபோர்க் பாலில் சுழற்சி குறைவு. தாங்கல் இல்லாததால் பந்து கூடுதலாக இறங்கிவிடும். ஆனால் கையசைவு வேகப்பந்துக்கு உள்ளதேதான். பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆகாது. பாதி வழியிலேயே மட்டையாளர் முடிவெடுத்தாக வேண்டும். இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, தரை வந்துவிட்டது என்று கால் வைத்த இடத்தில் இன்னும் ஒரு படி இருந்தால் எப்படித் தூக்கிவாரிப் போடும்? அப்படித்தான் மட்டை பந்துக்கு மேலே வெறும் காற்றை வெட்டும்.

1995-இல் ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த ஹிதேயோ நோமோ, முதுகை முழுக்கத் திருப்பி வீசும் தன் பாணியோடு இந்தப் பந்தையும் சேர்த்து, முதல் ஆண்டிலேயே 236 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) எடுத்தார். சிறந்த புதுமுக வீரர் விருதும் பெற்றார். எனக்கு இன்றும் அவர்தான் பெரிய ஆள், கதவைத் திறந்தவர் அவர். அப்புறம் 2000-இல் சியாட்டில் அணிக்கு இதே பந்தோடு வந்தார் கசுஹிரோ சசாகி. 2023-இல் நியூயார்க் மெட்ஸின் கோடாய் செங்கா, தன் 'பேய் ஃபோர்க்' துணையோடு 202 ஸ்ட்ரைக் அவுட். முழங்கைக்கு ஆகாது என்று அமெரிக்க அணிகள் பல ஒதுக்கிவைத்திருந்த பந்து இது, அதனால் அங்குள்ள மட்டையாளர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

பந்து மட்டையருகே வந்ததும் திடீரென்று கீழே விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கையை விட்டதிலிருந்தே சீராக வளைந்து இறங்குகிறது, மட்டையாளர் எதிர்பார்த்த இடம்தான் வேறு.