அறிவியல் கேள்வி-பதில்: உப்புப் பாத்தியில் எலக்ட்ரான் கைமாறுகிறதா?

கேள்வி: வாலிநோக்கம் உப்பளத்தில் கடல்நீர் வற்றி உப்பு விளையும்போதுதான் சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கிறதா? (பிளஸ் டூ மாணவி, சாயல்குடி)

பதில்: இல்லை. அந்தக் கைமாற்றம் எப்போதோ முடிந்துவிட்டது. கடல்நீரில் இருப்பவை சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும்தாம் (அயனி என்பது எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணு). நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. வெயிலிலும் காற்றிலும் நீர் குறைந்து, பாமே அளவு (உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு) சுமார் 3 டிகிரியிலிருந்து 25ஐ எட்டும்போது, எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று பிடித்துப் படிகமாகின்றன. ஜிப்சம் அதற்கு முன்பே படியத் தொடங்கிவிடும்.

கைமாற்றத்தையே பார்க்க வேண்டுமென்றால் சோடியம் உலோகம் குளோரின் வாயுவில் எரிய வேண்டும் (நச்சு வாயு, நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள்). எலக்ட்ரான்கள் கூடுவாரியாக: சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. "எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பதற்காகச் சோடியம் விரும்பிக் கொடுக்கிறது" என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் ஆற்றல் கணக்கு இடிக்கும். ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அளவு) சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அணுக்கள் அதை ஏற்கையில் திரும்பக் கிடைப்பது 349தான். திண்ம சோடியத்தை அணுக்களாக்கவும் குளோரின் மூலக்கூறுகளைப் பிளக்கவும் இன்னும் ஏறத்தாழ 229. ஆக, 376 கிலோஜூல் கடன்.

கடனை அடைப்பது படிகம். ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடுகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியங்கள் என அடுக்கும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. கடன் போக 411 மிச்சம். பிணைப்பு என்பது இந்த ஈர்ப்புதான். உப்புக்கல்லுக்குள் தனித்தனி சோடியம் குளோரைடு மூலக்கூறுகளைத் தேடினால் கிடைக்காது.

சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானையும் கொடுப்பதில்லை என்றும் கேட்பீர்கள். அது உள்கூட்டில் இருக்கிறது. பிடுங்க 4562 கிலோஜூல் வேண்டும். எந்தப் படிகமும் அதை ஈடுகட்டாது.

கேள்வி: ஐப்பசி மழையில் சில மூட்டை உப்பு மட்டும் நீர் விடுகிறதே, ஏன்? (மளிகைக் கடைக்காரர், தொண்டி)

பதில்: மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். மக்னீசியம் அயனி சிறியது, இரட்டை மின்சுமை உடையது. நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். தூய உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்க்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பாத்தியில் பாமே அளவு 29, 30 டிகிரி வந்ததும் கசப்பு நீரை (உப்பு படிந்தபின் மிஞ்சும் நீரை) வெளியேற்றாமல் விட்டால் அது உப்போடு ஒட்டிக்கொள்ளும். வாரிய உப்பைச் செறிந்த உப்புநீரில் அலசி, குவித்து வடியவிட வேண்டும். நல்ல தண்ணீரில் அலசினால் உப்பே கரைந்து நஷ்டம்.

கேள்வி: உலோகமும் அலோகமும் சேர்ந்தாலே அயனிப் பிணைப்பா? (ஆசிரியர், மண்டபம்)

பதில்: எப்போதும் அல்ல. நீரற்ற அலுமினியம் குளோரைடு சுமார் 180 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடுகிறது. சாதாரண உப்பு உருகவே 801 டிகிரி வேண்டும். மூன்று மின்சுமை கொண்ட சிறிய அலுமினியம், குளோரைடின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்துப் பங்கிட வைத்துவிடுகிறது.